ஹட்டன் மண்ணும் கொட்டியாரக் களியும்

பெரியம்மாவின் மகள் ஹட்டனில் வாழ்க்கைப்பட்டவர். ஒருமுறை திருகோணமலைக்கு வரும்போது ஒரு தேயிலைக் கன்றையும், அது பிழைக்க வேண்டுமே என்று ஒரு பசளைப் பை நிறையத் தோட்டத்து மண்ணையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். உவர்மலை வீட்டின் கிணற்றடியில் குழி வெட்டிக் கன்றை நட்டோம். குழிக்குள் இரண்டு கை மலைநாட்டு மண் போட்டோம். மிச்சத்தைச் சிமெந்துச் சாடியில் கொட்டி வைத்தோம். கன்று மூன்று மாதம் தாக்குப் பிடித்தது. முதலில் இளம் இலைகள் மஞ்சளித்தன, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. சித்திரை வெயில் வந்ததும் முடிந்தது.

"எங்கட மண் சரியில்லை. அங்க பார், எவ்வளவு கறுப்பு!" என்றார் அக்கா. வீட்டில் எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு தலைகீழானது. செடிக்கு வேண்டிய கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவற்றைக் கணக்குப் பார்த்தால், ஈரமான மலைச்சரிவுகளின் மண் பெரும்பாலும் கழுவித் துடைக்கப்பட்ட மண். நாங்கள் குறை சொல்லும் திருகோணமலைச் செம்மண்ணில்தான் அவை கூடுதலாக இருக்கின்றன. கறுப்பு நிறம் உக்கலின் நிறம். குளிரில் இலைதழை மெதுவாகத்தான் உக்கும், அதனால் மேல்மண்ணில் அது குவிந்துவிடுகிறது. ஓர் அடி தோண்டினால் மஞ்சள் தெரியும்.

சரி, ஏன் இப்படி? பாறை வேறு என்று சொல்லத் தோன்றும். ஆனால் பாறை அவ்வளவு வேறில்லை. இலங்கையின் நடுமலைகளைத் தாங்கி நிற்கும் பழைய உருமாறிய பாறைத் தொகுதி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு பட்டை போல ஓடித் திருகோணமலைக் கரையில்தான் கடலைத் தொடுகிறது. புவியியலார் அதை மேட்டுநிலத் தொகுதி என்பார்கள். சார்னோகைட், கார்னட் கலந்த நைஸ், குவார்ட்சைட், இடையிடையே பளிங்கு என்று ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய கற்கள். நுவரெலியாவில் தேயிலைக்கு அடியில் கிடக்கும் கல்லுக்கும் எங்கள் ஊர்க் கல்லுக்கும் உறவு நெருக்கம்தான். பிரித்தது தண்ணீர்.

மழை அளவை மட்டும் பார்த்தால் இது புரியாது. நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர், திருகோணமலையில் சுமார் 1,600. பெரிய வித்தியாசமா? இல்லை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான் இருக்கும். மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும், ஆவியாவது குறைவு. மிச்ச நீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ளதைக் கரைத்துக்கொண்டு ஓடையில் போய்ச் சேரும். எங்கள் ஊரில் மழையின் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே கொட்டித் தீர்க்கிறது. பிறகு எட்டு மாதம் சோளகமும் வெயிலும். இறங்கிய நீர் பாதி வழியிலேயே மேலே இழுக்கப்படுகிறது. ஆகவே பார்க்க வேண்டிய கணக்கு, பெய்தது கழித்தல் ஆவியானது. ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். அங்கே கழுவல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கழுவலில் என்ன நடக்கிறது என்பதைப் பாணையும் பட்டரையும் வைத்துச் சொல்லலாம். களிமண் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் பல கனிமங்களின் குடும்பம். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகட்டில் இரண்டு வகை. சிலிக்காத் தகட்டைப் பாண் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியத் தகட்டைப் பட்டர் என்று.

இரண்டு பாண் துண்டுக்கு நடுவே பட்டர் வைத்தால் அது ஸ்மெக்டைட் வகை. இப்படிப்பட்ட சோடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பாண் முகமும் பாண் முகமும்தான் சந்திக்கும், ஒட்டாது. அந்த இடுக்கில் தண்ணீரும் கல்சியமும் மக்னீசியமும் புகுந்து உட்காரும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி இந்த இனம். கோடையில் அந்த வெடிப்புக்குள் கையையே விடலாம்.

ஒரு பாண் துண்டின் மேல் பட்டர் பூசி, அதன் மேல் அடுத்த பட்டர் பூசிய துண்டு என்று அடுக்கினால் அது கயோலினைட். ஒவ்வொரு துண்டின் பட்டர் முகமும் மேலே உள்ள பாணின் வெறும் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடுக்கு இல்லை, ஆகவே உள்ளே ஒன்றும் நுழையாது. உப்பாது, வெடிக்காது. பொறளஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் தோண்டியெடுத்துக் கோப்பை தட்டு செய்யும் வெள்ளைக் களி இதுதான்.

பாணே இல்லாமல் பட்டர் மட்டும் மிஞ்சினால் அது கிப்சைட், வெறும் அலுமினிய ஐதரொட்சைட்டு. அதைக் களி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான்.

இப்போது மழைக்கு வருவோம். வானிலிருந்து வரும் நீர் காற்றின் காபனீரொட்சைட்டையும் வேர்கள் விடும் மூச்சையும் வாங்கி மெல்லிய அமிலமாகிறது. பாறையில் நிறைய இருக்கும் பெல்ஸ்பார் கனிமத்தைத் தொட்டதும் முதலில் சோடியம், கல்சியம், பொற்றாசியம் கரைந்து போகும். அடுத்தது சிலிக்கா, மெதுவாக, ஆனால் விடாமல். அலுமினியமும் இரும்பும் கிட்டத்தட்ட நகரவே மாட்டா. அதாவது மழை முதலில் சீனியையும் உப்பையும் எடுக்கும், பிறகு பாணைத் தின்னும், பட்டரைத் தொடாது. தண்ணீர் தேங்கிச் சிலிக்காவும் மக்னீசியமும் வெளியேற முடியாத இடத்தில் ஸ்மெக்டைட் பிறக்கும். ஓரளவு வடியும் இடத்தில் கயோலினைட். வடிகால் அளவுக்கு மிஞ்சினால் கிப்சைட்.

நூல்களில் இதை ஒரு வயது வரிசையாக எழுதிவிடுவார்கள்: இளமையில் ஸ்மெக்டைட், நடுவயதில் கயோலினைட், முதுமையில் கிப்சைட். எனக்கு அந்த வரிசையில் ஒரு சந்தேகம் உண்டு. மலைச்சரிவுகள் அதற்கு அடங்குவதில்லை. நல்ல சரிவில், நொறுங்கத் தொடங்கிய பாறையின் வெடிப்புகளில், பெல்ஸ்பார் இடைப்பட்ட படிகளைத் தாண்டி நேரடியாகக் கிப்சைட் ஆகிவிடுவது உலகின் பல ஈரமலைகளில் கண்ட சங்கதி. காரணம் எளிது. கரைந்த சிலிக்காவை ஓடும் நீர் அந்த இடத்திலேயே தட்டிப் பறித்துக்கொண்டு போகிறது. வயதைவிட வடிகால்தான் அங்கே முடிவு செய்கிறது.

ஆகவே 'மலைநாட்டு மண்' என்று ஒரே மண் கிடையாது. ஒரே தோட்டத்தில், ஒரே குன்றில்கூட மாறும். உச்சி முகட்டில் மண் ஆழமாகக் கழுவப்பட்டு மஞ்சளாக இருக்கும். நடுச்சரிவில் அடிக்கடி மேல்மண் வழுக்கிப் போவதால் பாதி நொறுங்கிய புதுப் பாறை வெளியே வரும். அங்கே மைக்காவும் அது சிதைந்து உருவான வேர்மிகுலைட் என்ற களியும் இன்னும் பொற்றாசியத்தை வைத்துக்கொண்டு நிற்கும். பள்ளத்து ஓடையோரம் நீர் தேங்கி, இரும்பு ஒட்சிசன் இழந்து மண் சாம்பல் நிறமாகிவிடும். மேலிருந்து கரைந்து வந்த சிலிக்கா அங்கே தங்குவதால், முகட்டில் கிப்சைட் இருக்கும் அதே குன்றின் அடியில் கயோலினைட்டும் சில இடங்களில் ஸ்மெக்டைட்டும்கூட வரும். இருநூறு மீற்றர் நடந்தால் போதும், மண்ணின் வேதியியலே மாறியிருக்கும்.

பாறையும் இங்கேதான் தலை நீட்டுகிறது. மாத்தளை, திகணைப் பக்கத்தில் பளிங்கும் டொலமைட்டும் இருக்கும் பட்டையில் மண்ணின் அமிலம் சட்டென்று தணிந்துவிடும். குவார்ட்சைட் முகட்டிலோ கரைவதற்கே ஒன்றுமில்லை, மெலிந்த மணல்தான். அப்புறம் உயரம். கண்டியின் 500 மீற்றர் சூட்டில் பாறை வேகமாக நொறுங்கி ஆழமான செம்பழுப்பு மண் தரும். ஹோர்ட்டன் சமவெளியின் குளிரில் புல்வெளிக்கு அடியில் உக்கல் கறுத்துத் தடித்துக் கிடக்கும். அந்த உக்கலோடு அலுமினியம் கட்டிப்பிடித்து நிற்பதால் நுண்ணுயிர்களால் அதை எளிதில் தின்னவும் முடியாது. அக்கா வியந்த கறுப்பின் இரகசியத்தில் பாதி குளிர், பாதி அலுமினியம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு ஒட்சைட்டுகளில் ஹேமடைட் சிவப்பு, கோதைட் மஞ்சள் பழுப்பு. வெப்பமும் இடையிடையே வறட்சியும் உள்ள இடம் ஹேமடைட்டுக்குப் பிடிக்கும், குளிர்ந்த ஈரம் கோதைட்டுக்கு. கந்தளாய்ப் பாதையில் வெட்டிய மேட்டில் தெரியும் சிவப்பும் நானுஓயா வளைவுகளில் தெரியும் மஞ்சளும் இப்படி வந்தவை. சிவப்பாக இருந்தால் இரும்புச் சத்து அதிகம் என்பது தவறு. அளவு ஒன்றாகவே இருந்தாலும் நிறம் மாறும்.

இனி, செடிக்கு இதனால் என்ன? களித் தகடுகளின் மேல் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. நேர் மின்னேற்றமுள்ள கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் எல்லாம் அதைப் பிடித்துத் தொங்கும். வேர் வந்து கேட்கும்போது கைமாறும். எங்கள் பாடப் புத்தகத்தில் கற்றயன் மாற்றுக் கொள்ளளவு என்று படித்தது இதைத்தான். ஒரு கிலோ சுத்தமான ஸ்மெக்டைட் 80 முதல் 120 சென்ரிமோல் வரை பிடித்துவைக்கும். கயோலினைட் 3 முதல் 15 வரை. கிப்சைட்டும் இரும்பு ஒட்சைட்டும் அதற்கும் கீழே. அமிலம் கூடினால் அவற்றின் மேற்பரப்பு நேர் மின்னேற்றத்துக்கு மாறிக் கல்சியத்தைத் தள்ளிவிடவும் செய்யும். ஆக, மலைச்சரிவில் பசளை போட்டால் அடுத்த மழையில் அதில் ஒரு பகுதி ஓடைக்குப் போவது விவசாயியின் கவனக்குறைவால் மட்டுமல்ல. பிடித்துவைக்க அந்தக் களிக்குக் கை குறைவு. அங்கே பெரும்பாலான பிடிப்பை உக்கல்தான் செய்கிறது. உக்கலின் கொள்ளளவு ஸ்மெக்டைட்டையும் மிஞ்சும். அதனால்தான் மலையில் ஓர் அங்குல மேல்மண் போவதும் எங்கள் ஊரில் ஓர் அங்குலம் போவதும் ஒன்றல்ல.

ஒன்றை மட்டும் அந்த மண் இரும்புப் பிடியாகப் பிடிக்கும்: பொசுபரசு. நேர் மின்னேற்றம் கொண்ட ஒட்சைட்டு மேற்பரப்பில் பொசுபேற்று ஒட்டினால் எளிதில் விடாது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்வோர் போகத்துக்குப் போகம் பொசுபேற்றும் கோழி எருவும் போட்டு, பல தோட்டங்களில் அது தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதற்கு இந்தப் பிடிப்பும் ஒரு காரணம்.

அமிலம் என்றதும் அலுமினியத்துக்கு வர வேண்டும். பீஎச் அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5.5க்குக் கீழே இறங்கினால் களியிலிருந்து அலுமினியம் கரையத் தொடங்கும். பெரும்பாலான பயிர்களின் வேர்நுனி அதைத் தாங்காது, கட்டையாகிவிடும். தேயிலை விதிவிலக்கு. அது அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு வாழும். அதற்குப் பிடித்த பீஎச் 4.5 முதல் 5.5 வரை. எல்லை தாண்டி அமிலமானால் தேயிலைக்கும் ஆகாது, கவ்வாத்து வெட்டும் காலத்தில் தோட்டங்களில் டொலமைட் தூவுவது அதற்காகத்தான். அதே அலுமினியத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நுவரெலியா வீட்டு முற்றங்களில் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். அமில மண்ணில் அலுமினியம் ஏறினால் நீலம், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு. எந்த ஆய்வுகூடமும் இவ்வளவு அழகாக முடிவு சொன்னதில்லை.

எங்கள் கிணற்றடித் தேயிலைக்கு என்ன ஆனது என்பது இப்போது தெரிந்திருக்கும். கிணற்று நீரில் கரைந்த சுண்ணாம்பு மண்ணை நடுநிலைக்கு மேல் தள்ளியது. அந்த நிலையில் இரும்பு கரையாது, கரையாத இரும்பை வேர் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இலை மஞ்சளிப்பது அதன் கையெழுத்து. செம்மண் நிறைய இரும்பு இருந்தும் கன்று இரும்புக்கு ஏங்கிச் செத்தது. வெயிலைக் குற்றவாளியாக்கினோம், ஆனால் வெயில் கடைசியில்தான் வந்தது.

ஈரமான மலைகள் எல்லாம் இலங்கை போலவே இருக்கும் என்றும் இல்லை. சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் உச்சித் தட்டுகளில் கழுவல் முற்றிப்போய்ப் பொக்சைட்டே கிடைக்கிறது, அதாவது பட்டர் மட்டும் மிஞ்சிய மலை முகடுகள். கேரளத்தின் அங்காடிப்புறத்தில் ஈரமாக வெட்டிக் காயவைத்தால் கல்லாகும் மண்ணைக் கண்டு பிரான்சிஸ் புக்கானன் 1807இல் லட்டரைட் என்று பெயர் வைத்தார். எங்கள் தென்மேற்கின் கபுக் கல் அதன் உறவு. ஜாவா போன்ற எரிமலைச் சாம்பல் மலைகளோ வேறு உலகம். அங்கே சாம்பல் வேகமாகச் சிதைந்து ஒழுங்கான தகடே இல்லாத அலோபேன் என்ற பொருள் உருவாகும். மண் இலவம்பஞ்சு போல இலேசாக, நீரை வாரிக் குடித்து நிற்கும். ஒரே அளவு மழை, ஒரே உயரம், ஆனால் தொடக்கப் பொருள் எரிமலை கக்கிய கண்ணாடித்தூள் என்பதால் கதை வேறு வழியில் போய்விடுகிறது.

திரும்ப எங்கள் ஊருக்கு வருவோம், அதுவும் ஆற்றோடு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. மலையில் கழுவப்பட்ட கல்சியமும் சிலிக்காவும் கரைசலாகவும், கயோலினைட்டும் கிப்சைட்டும் கலங்கலாகவும் இந்த வழியாகத்தான் வருகின்றன. இப்போது முன்பளவு வருவதில்லை. 1976இல் பொல்கொல்லை, 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், பிறகு ரந்தெனிகலையும் ரந்தம்பையும் என்று அணைகள் குறுக்கே நின்றுவிட்டன. மணலும் பருமனான வண்டலும் அங்கே படிந்துவிடுகின்றன. கரைந்து வருவதும் மிக நுண்ணிய களியும் அணையைத் தாண்டும்.

மூதூரில் ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பழைய வீட்டு வைத்தியம் பெரிய அளவில் நடக்கிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்களே, அதே வேலையை இங்கே உப்பு செய்கிறது. நன்னீரில் களித் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கடலின் சோடியமும் மக்னீசியமும் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். துகள்கள் கைகோர்த்துத் திரளாகி அடியில் இறங்கும். குடாவின் சேற்றை மிதித்தவர்களுக்கு அது தெரியும், ஆனால் மிதிக்கும் சேற்றில் ஒரு பங்கு தேயிலை மலையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் வயல்களின் வண்டலில் மலைநாட்டுக் கயோலினைட் ஒரு பக்கமும், வழியில் வறண்ட சமவெளியிலிருந்து சேர்ந்த ஸ்மெக்டைட்டும் இல்லைட் என்ற இன்னொரு களியும் மறுபக்கமுமாகக் கலந்திருக்கும். நெல் வளர இது நல்ல கலவை. சேறு நீரைத் தாங்கும், பசளையைப் பிடித்துவைக்கும். இன்னொரு சாதகமும் உண்டு. வயலில் நீர் கட்டினால் அமில மண்ணின் பீஎச் சில வாரங்களில் தானாகவே நடுநிலையை நோக்கி ஏறும். இரும்பு ஒட்சைட்டு ஒட்சிசனை இழக்கும் தாக்கம் அமிலத்தையும் தின்றுவிடுவதே காரணம். அப்போது இரும்பு பிடித்துவைத்திருந்த பொசுபரசிலும் ஒரு பங்கு விடுபடும். மலைச்சரிவில் சிறைப்பட்ட பொசுபரசு நெல்வயலில் பிணையில் வெளிவருகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆற்றை விட்டு விலகிக் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் போனால் மேட்டில் செம்பழுப்பு மண், இடையில் பழுப்பு, பள்ளத்தில் சாம்பல் களி என்று மலையில் பார்த்த அதே ஏற்ற இறக்கம் சிறிய அளவில் திரும்ப வரும். குளம் கட்டியவர்கள் இந்த வரிசையை எந்த வேதியியலும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்கள். மேட்டில் சேனை (காடு வெட்டி மழையை நம்பிச் செய்யும் பயிர்), பள்ளத்தில் வயல். எங்கள் மேட்டுச் செம்மண்ணின் உண்மையான குறை சத்தில் இல்லை. உக்கல் மிகக் குறைவு, காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மண்வெட்டி இறங்கும் பதம் மழை விழுந்து சில நாட்கள்தான்.

அப்புறம் அந்தச் சாடி. அதில் அக்கா கொண்டுவந்த மண் அப்படியே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதில் கறிவேப்பிலைக் கன்று வைக்கும் முன் நிறம் மாறும் பரிசோதனைத் தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தேன். வந்தபோது 5 காட்டிய மண், தினமும் செம்பருத்திக்கு ஊற்றும்போது கூடவே விழுந்த கிணற்று நீரைக் குடித்துக் குடித்து ஆறரைக்கு ஏறியிருந்தது. கறுப்பும் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது, இந்தச் சூட்டில் உக்கல் எத்தனை நாள் தாங்கும். கறிவேப்பிலை நன்றாகத்தான் நிற்கிறது. உள்ளே இருக்கும் கயோலினைட் மட்டும் இன்னும் ஹட்டனில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், அது மாறச் சில ஆயிரம் ஆண்டுகளாவது வேண்டும்.